செஞ்சி வீழ்ந்தது என்ன கிழமை?

புதுச்சேரி 1761 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதன் பிறகும் கர்நாடகப் பகுதியில் பிரெஞ்சுக் கொடி கடைசியாகப் பறந்துகொண்டிருந்த கோட்டை செஞ்சி. அதுவும் ஏப்ரல் 5ஆம் தேதி கைமாறியது. செஞ்சியில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் பைத்தான் சொல்லிக்கொடுக்கும்போது இந்தத் தேதியைப் பேச்சுவாக்கில் சொன்னேன். ஒரு பெண் உடனே கேட்டாள்: “அன்னைக்கு என்ன கிழமை சார்? லீவு நாளா?”

வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் தேதியோடு நின்றுவிடும், கிழமை சொல்லாது. கைப்பேசியில் தட்டினால் விடை வந்துவிடும்தான். ஆனால் கைப்பேசிக்கு 1761 எப்படித் தெரியும்? அந்த வருடத்து நாட்காட்டியை யாரும் அதற்குள் ஏற்றி வைக்கவில்லை. அது கணக்குப் போடுகிறது. நிரல் எழுதக் கற்கத் தொடங்கும் யாரும் முதல் மாதத்திலேயே போடக்கூடிய கணக்குதான். அதை எப்படித் துண்டு போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் செய்வது இதுதான்: மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது வரி. ஆண்டை வாங்கு, மாதத்தை வாங்கு, வகு, பெருக்கு, இப்படியென்றால் அப்படிச் செய், இல்லையென்றால் வேறு. நடுவில் எங்கோ பிப்ரவரி வரும். அங்கே ஒரு எண் பிசகும். கடைசியில் வியாழக்கிழமை என்று திரை சொல்லும். தவறு எந்த வரியில் என்று கண்டுபிடிக்க ஐம்பது வரியையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். படித்தாலும் கண்ணில் படாது, ஏனென்றால் எழுதும்போது நாம் நினைத்ததையேதான் படிக்கும்போதும் பார்ப்போம்.

இதற்கு மருந்து, கேள்வியை உடைப்பது. இன்ன தேதிக்கு என்ன கிழமை என்ற கேள்விக்குள் மூன்று சின்னக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த ஆண்டு லீப் ஆண்டா? ஏதோ ஒரு தொடக்கத்திலிருந்து இந்தத் தேதி எத்தனையாவது நாள்? அத்தனையாவது நாள் என்ன கிழமை? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் சிறு நிரலை எழுதிவிட்டால் அதற்குப் பெயர் செயற்கூறு. நம் பள்ளிப் பாடநூல்கள் புழங்கும் சொல் இது. செயற்கூறு உள்ளே வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் இடத்துக்கு அளபுரு என்று பெயர். நாம் கூப்பிடும்போது அந்த இடத்தில் போடும் உண்மையான மதிப்பு செயலுருபு. ‘ஆண்டு’ என்பது அளபுரு, 1761 என்பது செயலுருபு. வேலை முடிந்ததும் செயற்கூறு ஒரு மதிப்பைத் திருப்பி அனுப்பும். பெயர், வாங்குவது, கொடுப்பது என்ற இந்த மூன்றும் தெளிவானால் பாதி நிரல் எழுதியாயிற்று.

முதல் துண்டை எடுத்துக்கொள்வோம். நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அது முழு விதி இல்லை. பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும் கிட்டத்தட்டக் கால் நாளும் ஆகிறது. ஆனால் அந்தக் கால் நாளில் பதினொரு நிமிடம் குறைவு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு நாளைச் சேர்த்துக்கொண்டே போனால் நூற்றாண்டுக் கணக்கில் நாட்காட்டி பின்தங்கும். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி செய்த திருத்தம் அதற்காகத்தான்: நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல, ஆனால் நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டுதான். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி ஒன்று உண்டு. அதைப் பற்றிய அவரது கட்டுரை 2009இல் வெளிவந்தது. அந்த மொழியின் பாணியில் எழுதினால் இந்த விதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

நிரல்பாகம் லீப்_ஆண்டா( ஆண்டு )
    @( ஆண்டு % 400 == 0 ) ஆனால்
        பின்கொடு 1
    முடி
    @( ஆண்டு % 100 == 0 ) ஆனால்
        பின்கொடு 0
    முடி
    @( ஆண்டு % 4 == 0 ) ஆனால்
        பின்கொடு 1
    முடி
    பின்கொடு 0
முடி

சதவீதக் குறி போலத் தெரிவது இங்கே மீதி காணும் குறி. ‘பின்கொடு’ வந்தவுடன் செயற்கூறு வேலையை நிறுத்திவிட்டு விடையோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் 400 முதலில் நிற்கிறது. நான்கை முதலில் வைத்துப் பாருங்கள்: 1900 நான்கால் வகுபடும், உடனே ‘லீப் ஆண்டு’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். நூறைப் பற்றிய கேள்வி காதிலேயே விழாது.

இது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க 1761 ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போதாது. எதையாவது போட்டு வருகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. விதி எந்த இடங்களில் வளைகிறதோ அந்த இடங்களில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரண ஆண்டுக்கு 1761, சாதாரண லீப் ஆண்டுக்கு 1760, நூறின் விலக்குக்கு 1900, நானூறின் விலக்குக்கு 2000. நான்கும் சரியாக வந்தால் இந்தத் துண்டைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அடுத்த துண்டில் தவறு வரும்போதுதான் தெரியும்.

இரண்டாவது துண்டு, நாள் எண். கிரிகோரியன் விதியைப் பின்னோக்கி நீட்டி, முதலாம் ஆண்டு ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணுவோம். 1761க்கு முன் முழுதாக முடிந்தவை 1760 ஆண்டுகள். ஆண்டுக்கு 365 வீதம் 6,42,400 நாட்கள். அந்த 1760 ஆண்டுகளுக்குள் நான்கால் வகுபடுபவை 440. அவற்றில் நூற்றாண்டுகள் 17ஐக் கழித்து, நானூறின் மடங்குகள் நான்கைத் திரும்பச் சேர்த்தால் லீப் நாட்கள் 427. அந்த ஆண்டில் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரலில் 5, ஆக 95. எல்லாம் கூட்டினால் 6,42,922.

மூன்றாவது துண்டு ஒரே வரி. ஏழால் வகுத்து மீதியைப் பார். இந்தக் கணக்கில் முதல் நாள் திங்கட்கிழமை. மீதி ஒன்று என்றால் திங்கள், இரண்டு என்றால் செவ்வாய், மீதியே இல்லை என்றால் ஞாயிறு. 6,42,922 ஏழால் மீதியின்றி வகுபடுகிறது. கேட்ட பெண்ணிடம் சொன்னேன், லீவு நாள்தான் என்று.

மூன்று துண்டையும் கோத்தால் வரும் வரி இது:

கிழமை( நாள்_எண்( 1761, 4, 5 ) )

உள்ளே இருப்பது முதலில் ஓடும். அது திருப்பி அனுப்பும் 642922 வெளியே இருப்பதற்குச் செயலுருபாகப் போய்ச் சேரும். ‘நாள்_எண்’ணுக்குள்ளே போய்ப் பார்த்தால், பிப்ரவரிக்குப் பிந்தைய தேதி என்றால் பிப்ரவரிக்கு 28 கூட்டுவதா 29 கூட்டுவதா என்று அது ‘லீப்_ஆண்டா’வைக் கேட்டுக்கொள்கிறது. ‘கிழமை’க்கோ ஆண்டு, மாதம் என்று உலகில் ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு எண் வந்தது, ஏழால் வகுத்தது, சொல்லிவிட்டது.

இந்த இடத்தில்தான் அநேகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த பையன் ஒருவன் நாள் எண்ணைச் சரியாகக் கணக்கிட்டு, ‘ரிட்டர்ன்’ போட வேண்டிய இடத்தில் ‘பிரிண்ட்’ போட்டிருந்தான். திரையில் 642922 என்று அழகாக வந்தது. “வந்துடுச்சே சார்!” என்றான். அதை ஏழால் வகுக்கச் சொல்லி அடுத்த வரியை எழுதியதும், ஒன்றுமில்லாததை எண்ணால் வகுக்க முடியாது என்ற பொருளில் பைத்தான் சிவப்பு எழுத்தில் சண்டைக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் எண் நிற்கிறது, ஒன்றுமில்லை என்கிறதே என்று அவன் திகைத்துப்போனான். திரையில் காட்டுவது மனிதருக்கு. திருப்பி அனுப்புவது அடுத்த செயற்கூறுக்கு. திரையில் எழுதியதை எந்தச் செயற்கூறும் எட்டிப் பார்த்துப் படிக்காது. பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் “விடையை அச்சிடுக” என்று கேட்டுப் பழக்கியதன் வினை இது என்பது என் எண்ணம். கணக்கிடும் செயற்கூறு எதற்குள்ளும் அச்சிடாதே, கடைசி வரியில் ஒரே ஒருமுறை அச்சிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்பது உண்மைதானா? நிரல் சொன்னதற்காக நம்பிவிட முடியாது. நமக்கு விடை தெரிந்த தேதிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். 1947 ஆகஸ்ட் 15க்கு வெள்ளி என்று வர வேண்டும், வருகிறது. ஆனால் அது இருபதாம் நூற்றாண்டு. நமக்கு வேண்டிய காலத்துக்கே ஒரு சாட்சி இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். ஐரோப்பியத் தேதி, தமிழ் வருடம், மாதம், கிழமை என்று தலைப்பிட்டு எழுதும் பழக்கம் அவருக்கு. துணி வியாபாரம், கவர்னர் வீட்டுப் பேச்சு, சண்டைச் செய்தி எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தலைப்பு நிற்கும். கால் நூற்றாண்டுக் காலத்துக்கு நிரலைச் சோதிக்க இவ்வளவு பெரிய விடைத்தாள் வேறு எங்கே கிடைக்கும்? நூலகத்தில் ஒரு தொகுதியை எடுத்து, கண்ணை மூடிப் பத்துத் தேதிகளைத் தொட்டு, நிரலின் விடையோடு ஒப்பிடுவதைவிடச் சுவையான வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள், தளபதி புஸ்ஸி முன்னின்று நடத்திய தாக்குதலில், 1750 செப்டம்பரில் பிடித்தார்கள். அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டியில் இருந்தார்கள். ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. இந்தப் பகுதியில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமையிடம் அந்தச் சமயம் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தேதியிலோ பதினொரு நாள் இடைவெளி. புதுச்சேரியில் செப்டம்பர் 12 என்று எழுதிய அதே சனிக்கிழமையைக் கடலூரில் செப்டம்பர் 1 என்று எழுதினார்கள். கிழமை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று.

அப்படியானால் ‘நாள்_எண்’ என்ற நம் செயற்கூறு சரியா தவறா? அந்தக் காலத்துக் கடலூர்க் கடிதம் ஒன்றின் தேதியைக் கொடுத்தால் தவறான கிழமை சொல்லும். அதற்காகச் செயற்கூறைத் திட்ட முடியாது. எந்த நாட்காட்டியின் தேதியை அது எதிர்பார்க்கிறது என்று நாம் எழுதி வைக்கவில்லை. வாங்கும் மதிப்பு எப்படி இருக்க வேண்டும், அப்படி இருந்தால் கொடுக்கும் மதிப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதைப் பாடநூல் விவரக்குறிப்பு என்கிறது. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்யப்படும் அந்தச் சொல்லுக்கு, கடலூர்–புதுச்சேரி சாலையை விட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. ஆங்கிலேயர்கள் 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்துப் புதிய நாட்காட்டிக்கு மாறினார்கள். யூனிக்ஸ் கணினிகளில் உள்ள பழைய நாட்காட்டி நிரலிடம் அந்த மாதத்தைக் கேட்டால் இன்றும் 2க்குப் பக்கத்தில் 14ஐப் போட்டு, ஓட்டைப் பல் மாதிரி ஒரு மாதத்தைக் காட்டும். 1761க்குள் இரு தரப்பும் ஒரே நாட்காட்டிக்கு வந்துவிட்டதால் நம் ஞாயிறுக்கு ஆபத்தில்லை.

இதுவரை எண்ணியதெல்லாம் ஐரோப்பிய எண்ணிக்கை. நம் பஞ்சாங்கக்காரர்கள் வேறொரு தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணினார்கள்: ஜூலியன் கணக்கில் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, கலியுகத்தின் தொடக்கம் என்று அவர்கள் கொண்ட நாள். அன்றிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கைக்கு அகர்கணம் என்று பெயர். கலி நாள் என்றும் சொல்வார்கள். நம்மிடம் ‘நாள்_எண்’ தயாராக இருப்பதால் ‘கலி_நாள்’ எழுதுவது ஒரு வரி வேலை: நாள் எண்ணோடு 11,32,959ஐக் கூட்டு. இரண்டு எண்ணிக்கைகளுக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவு. 1761 ஏப்ரல் 5க்குக் கலி நாள் 17,75,881. ஏழால் வகுத்தால் மீதி 2. வெள்ளியை 0 என்று வைத்தால் சனி 1, ஞாயிறு 2. வேறு தொடக்கம், வேறு எண், அதே கிழமை. 1947 ஆகஸ்ட் 15க்குக் கலி நாள் 18,43,947. ஏழால் மீதியின்றி வகுபடும், வெள்ளி.

கிழமையோடு பஞ்சாங்கக்காரரின் வேலை முடிவதில்லை. அன்று சந்திரன் வானத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் திதியும் நட்சத்திரமும் கிரகணமும் சொல்ல முடியும். சந்திரனோ ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரையும், விலகும்போது தயங்கும். மிகத் தயங்கிய நிலையிலிருந்து மறுபடி அதே தயக்கத்துக்கு வர ஏறத்தாழ 27 நாளும் 13 மணி நேரமும் ஆகிறது. முழு நாட்களில் அடங்காத எண். ஆனால் ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள், கிட்டத்தட்ட 248. நூற்றுப்பத்துச் சுற்றுக்கு 3,031 நாள். நானூற்று நாற்பத்தொன்பது சுற்றுக்கு 12,372 நாள். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு தென்னாட்டில் ஒரு கணித முறை வளர்ந்தது. அதுதான் வாக்கிய முறை. வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் அதன் உயிர். ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் சமஸ்கிருதச் சொற்றொடர். கடபயாதி முறைப்படி அதன் எழுத்துகளை எண்ணாக மாற்றினால் – க, ட, ப, ய நான்குக்கும் மதிப்பு ஒன்று, இப்படி – 248 நாள் சுழற்சியில் அந்தந்த நாளில் சந்திரன் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்பது கிடைக்கும். இம்முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ என்ற நூல் 1300 வாக்கில் எழுந்தது.

அப்படியானால் இன்று எத்தனையாவது வாக்கியத்தைச் சொல்வது? நெல் அளப்பவர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். குவியலை முதலில் கலத்தால் அளப்பார். கலம் நிரம்பாமல் மிஞ்சியதை மரக்காலால். அதிலும் மிஞ்சியதைப் படியால். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்காலுக்கு எட்டுப் படி என்ற கணக்கில் 1,003 படி நெல் என்பது 10 கலம், 5 மரக்கால், 3 படி. மீதி அடுத்த அளவைக்குப் போகிறது, அதன் மீதி அதற்கடுத்ததற்கு. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் கலி நாளிலிருந்து 16,00,984 என்ற ஒரு நிலையான எண்ணைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை 12,372ஆல் அளப்பார், பிறகு 3,031ஆல், பிறகு 248ஆல். செஞ்சி வீழ்ந்த நாளுக்குச் செய்து பார்க்கலாம். 17,75,881இல் 16,00,984 போக 1,74,897. அதில் 12,372 பதினான்கு முறை போய் மீதி 1,689. அதில் 3,031 ஒருமுறைகூடப் போகாது. 248 ஆறு முறை போய் மீதி 201. ஆக, அன்றைக்கு உரியது 201ஆவது வாக்கியம். கழித்த நிலையான எண்ணுக்கும் பதினான்கு பெரிய கட்டுக்கும் ஆறு சின்னக் கட்டுக்கும் இவ்வளவு இவ்வளவு என்று குறித்த தொகைகளைக் கூட்டி, அதோடு 201ஆவது வாக்கியத்தின் எண்ணையும் கூட்டினால் சந்திரனின் இடம் வந்துவிடும்.

நிரலாக எழுதினால், வாங்குவது ஒரு கலி நாள். நடுவில் மூன்று வகுத்தல். கடைசியில் 248 உறுப்புள்ள ஒரு பட்டியலில் ஓரிடத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புதல். பத்து வரியைத் தாண்டாது. மீதி காணவும் பட்டியலில் தேடவும் தெரிந்த பிளஸ் டூ மாணவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

இதையெல்லாம் காகிதம்கூட இல்லாமல் செய்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்ததால். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவர். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் அங்கேயே இறந்தார். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் பேருந்தில் போனால் அரை நாளுக்குள் போய்விட்டு வரக்கூடிய அந்த ஊரில், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி அவருக்குச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் கிரகணம் அது. வாரன் அதைத் தம் ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தார்; அதே 1825இல் நூல் சென்னையில் அச்சானது. வாய்பாடுகள் எல்லாம் பஞ்சாங்கக்காரரின் மனத்தில் வாக்கியங்களாக இருந்தன. எண்கள் மட்டும் தரையில் சோழிகளாகக் கிடந்தன. வான நூலின் கோட்பாடு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் நினைவாற்றல் அபாரம் என்று வாரன் குறிக்கிறார். வானியல் வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் இந்தப் பதிவை எடுத்து ஆராய்ந்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. 248, 3,031 என்ற அதே எண்களை எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டிலும் காணலாம். பாபிலோனியர் பயன்படுத்திய சந்திரக் கணக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கைமாறி வந்து புதுச்சேரித் தரையில் சோழியாகக் கிடந்தது என்பதில் நொய்கெபாவருக்கு அப்படியொரு வியப்பு.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். அந்தச் சோழிகளைப் பாருங்கள். ஒரு வகுத்தலின் மீதி, அடுத்த வகுத்தல் எடுத்துக்கொள்ள வசதியாகத் தரையில் கிடக்கிறது. அது திருப்பி அனுப்பிய மதிப்பு. பஞ்சாங்கக்காரர் கணித்துக்கொண்டே வாய்விட்டு ஏதேனும் சொன்னால் அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. கணக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. என் மாணவனுக்கு ‘பிரிண்ட்’, ‘ரிட்டர்ன்’ குழப்பம் தீர்ந்தது இந்தச் சோழிக் கதையைச் சொன்ன பிறகுதான்.

கோட்பாடு தெரியாமல் கிரகணம் சொன்னார் என்று வாரன் எழுதியதைப் பலர் குறையாகப் படிக்கிறார்கள். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வர்க்கமூலம் காணும் செயற்கூறைத் தினம் கூப்பிடுகிறோம், அதற்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளே இருப்பதை அறியாமலே பயன்படுத்த முடிவதுதான் செயற்கூறின் பலம். பாடநூலில் இதற்கு அருவமாக்கம் என்று பெயர். அந்தப் பலத்துக்கு விலையும் உண்டு. சந்திரனின் வேகத்துக்கும் கிரகங்களின் வேகத்துக்கும் பழைய ஆசிரியர்கள் வைத்த எண்களில் கடுகளவு பிழை இருந்தால் அது நூற்றாண்டுகள் கழித்து மலையாகும். உள்ளே தெரியாதவரால் அதைத் திருத்த முடியாது. கணக்கு ஒவ்வொரு படியிலும் சரியாகவே இருக்கும், விடை மட்டும் வானத்தோடு ஒத்துவராது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக மல்லுக்கு நின்றது இதனால்தான். கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தும் எண்களை வைத்துக் கணிப்பது திருக்கணிதம். வாக்கியத்தைப் பின்பற்றுவோர் மாறவில்லை. இன்றும் கோயில்கள் பல வாக்கியத்தின்படிதான் நடக்கின்றன. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதக்காரர்கள் சொல்ல, வாக்கியப்படி அது 2026இல்தான் என்று திருநள்ளாறு கோயில் தரப்பு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது நினைவிருக்கும். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரே கேள்வியை இரண்டு செயற்கூறுகளிடம் கேட்டால் விடைகள் ஓராண்டு தள்ளி நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குக் கிடைக்கவில்லை.

வாக்கியத்தையே உள்ளிருந்து திருத்தியவரும் உண்டு. கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர், பதினான்காம் நூற்றாண்டு. முடிவிலித் தொடர்களுக்காக இன்று உலகம் கொண்டாடும் அதே மாதவர்தான். வரருசியின் வாக்கியங்கள் சந்திரனின் இடத்தைக் கலை வரைதான் தரும்; பாகையில் அறுபதில் ஒரு பங்கு. மாதவர் 248 வாக்கியங்களையும் புதிதாகக் கணித்து, அதற்கும் அறுபதில் ஒரு பங்கான விகலை வரை நுட்பமாக்கி, மறுபடி சொற்றொடர்களாகக் கட்டினார். எண்ணிக்கையை அவர் தொடவில்லை. பழைய வழியில் வகுத்து, பழைய வழியில் மீதி கண்டு வருபவர், மாதவரின் 201ஆவது வாக்கியத்தையும் அதே இடத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம்.